தசமியன்று அவித்த கிழங்கு

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
19.07.2004

அன்பு மகள் சிறிதேவி அறிய அம்மா எழுதுவது. முழங்கால் நோவை விட்டால் மற்றப்படி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வேண்டுமென்று நல்லூரானைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவனுக்குக் கேட்கிறதோ தெரியாது. உன் கடைசிக் கடிதம் வைகாசியில் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. போனில் இரண்டு சொல் கதைத்தால் கடிதம் எழுதின மாதிரி என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. போனை வைத்த பிறகு திருப்பிப் படிக்க என் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, அதை யோசித்துப் பார்.

இந்தக் கோடை விடுமுறைக்கு உன் அண்ணன் ஒரு பூபில் வாடகைக்கு எடுத்து எங்களை வடக்கே கூட்டிக்கொண்டு போனான். பூபில் என்றால் அடுப்பும் கட்டிலும் கக்கூசும் உள்ளே வைத்த வாகனம், வீட்டுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி. கொண்ணனும் அவன் பெண்சாதி, உன் மச்சாள் சிவமலரும் முன்னுக்கு, நானும் பேத்தி சாருகாவும் பின்னுக்கு மேசையடியில். என் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. அம்மா அங்கை மலையைப் பாருங்கோ, அருவியைப் பாருங்கோ என்று கொண்ணன் வாகனத்தை ஓடியபடியே சத்தம் போடுவான், எனக்கு அது தெரிகிற நேரம் எல்லாம் எங்களை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். நோர்வே முழுக்க நான் பார்த்தது எங்களை விட்டுப் போகிற நாடுதான். அவர்கள் மூன்று பேரும் நொஸ்கில், அதுதான் இந்த நாட்டுப் பாசையில், கதைத்துச் சிரிப்பார்கள், என்னவென்று கேட்டால் ஒண்டுமில்லை அம்மா, சும்மா என்பான். இரவானால் அந்த மேசையை இறக்கித்தான் எனக்குப் படுக்கை, அவர்கள் சீட்டு விளையாடி முடிக்கும் வரை நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இரவென்று எழுதுகிறேனே தவிர அங்கே இருட்டே இல்லை. சாருகா வந்து அப்பம்மா, சூரியன் இண்டைக்குப் படுக்காது, நீங்கள் படுங்கோ என்றாள். பொழுது படாத ஊரில் எந்த நேரம் விளக்கு வைப்பது, சொல்லு. நான் விபூதியைப் பூசிக்கொண்டு படுத்தேன்.

சாப்பாடு எல்லாம் வழியிலேதான். பெற்றோல் அடிக்கிற இடத்தில் பாணுக்குள் வைத்த இறைச்சிக் குழல், கப்பலில் ஏறினால் சூடான வாஃபல். அதன்மேல் பனங்கட்டி நிறத்தில் ஒரு துண்டு வைத்துத் தந்தார்கள், பனங்கட்டியாக்கும் என்று ஆசையாய் வாயில் வைத்தால் அது சீஸ். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் பட்ட பாட்டைச் சாருகா படம் வேறு எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு தீவில் மீன் தலைகளைப் பந்தல் பந்தலாய்த் தொங்கவிட்டிருந்தார்கள், உப்பே போடாத கருவாடாம், காற்றிலேயே காய்கிறதாம். அந்த மணத்துக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் பசித்தது.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் திதி ஆனி மாதத் தேய்பிறைத் தசமி, நீ அங்கே ஊரில் படைத்திருப்பாய், உன்னை நான் கேட்க மாட்டேன். போன வருடம் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு எழுதினேன். மச்சாளுக்கு வேலையாம், திவசத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள். செத்த மனுசன் உங்கடை லீவு பார்த்தோ சாப்பிட வருவார் என்று கேட்டேன். இனி என்ரை மனுசன்ரை நாளை நீ பார்க்க வேண்டாம், நான் பார்ப்பன் என்றும் சொன்னேன். அவள் ஓம் மாமி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வராதவள், அன்றைக்கும் வேலை என்றுதான் சொன்னவள், எனக்கு அது மறக்காது. இந்த முறை தசமி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது, தள்ளவும் தேவையில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகனுக்குத் தகப்பனின் நாள் ஞாபகம் வருகிறதா பார்ப்போம் என்று காலையிலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் வாகனத்தை நிறுத்தினான். கடலுக்குள் கால் ஊன்றிய சிவப்புப் பலகை வீடு, அதுதான் சாப்பாட்டுக் கடை. வந்ததிலேயே நல்ல கடை இது, இண்டைக்கு எல்லாருக்கும் மீன் என்று அவனே சொல்லிவிட்டான். எனக்கு வயிறு சரியில்லை, அவித்த உருளைக்கிழங்கு போதும் என்றேன். அவன் அப்போதும் யோசிக்கவில்லை. பெரிய துண்டு மீனை வெட்டி வாயில் வைக்கிறான், நான் கிழங்கை உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழுக்கச் சாப்பிடட்டும், கையைத் துடைத்த பிறகு இன்று என்ன நாள் என்று கேட்போம், சாகும் வரை அவனுக்கு இந்த மீன் தொண்டையில் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லை எடுத்து வைத்துவிட்டேன். கொப்பருக்குக் கொள்ளி வைக்க அவன் வரவில்லை, பெரியப்பாவின் மகன் அருளானந்தன்தான் வைத்தான், அந்தக் கோபம் எனக்குள் எவ்வளவு காலமாய் இருக்கிறதென்று உனக்குத் தெரியும்.

அப்போது அவன் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினான். எதிர்க்கரையில் ஒரு பழைய நீளக் கட்டிடம். அம்மா, அதுக்குள்ளைதான் நான் முதல் முதல் மீன் வெட்டினனான் என்றான். கொழும்பிலையிருந்து போன் எண்டு மேற்பார்வை ஆள் வந்து கூப்பிட்டார், எடுத்தால் அப்பா போயிட்டார் எண்டு சொல்லினம். ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்லை அம்மா, எனக்கு அப்ப அவையின்ரை பாசை வராது, திரும்பிப் போய் வேலை முடியுமட்டும் மீன் வெட்டினனான். உங்களுக்கு இந்த இடத்தைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்தனான் என்றான். சொல்லிவிட்டு மற்றத் துண்டையும் சாப்பிட்டான். தகப்பனை நினைத்துக்கொண்டே தகப்பனின் திதியில் மீன் சாப்பிடுகிறான், பாவம். நான் எடுத்து வைத்த சொல்லை விழுங்கிவிட்டேன். கிழங்கைத் தின்னு, ஆறப்போகுது என்று சாருகாவுக்குச் சொன்னது போல ஏதோ சொன்னேன். ஆனால் சாருகாவின் தட்டில் கிழங்கே இல்லை, இரண்டு துண்டு மீன் இருந்தது. அப்போதுதான் கண்டேன், உன் மச்சாளின் தட்டிலும் என்னுடையது மாதிரியே வெறும் அவித்த கிழங்கு.

நான் ஒரு கிழங்கைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு, காற்று வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்து பாறையடிக்குப் போனேன். காகத்துக்கு வைக்க வேறு என்ன இருக்கிறது. பின்னாலே காலடி கேட்டது, அவள். கையில் சின்னப் பெட்டி, திறந்தால் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும். நாங்கள் எழும்ப முதல் சமைத்திருக்கிறாள், வாழைக்காயை ஒஸ்லோவிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கொப்பருக்கு வாழைக்காய்ப் பொரியல் இல்லாமல் சோறு இறங்காதென்று இவளுக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. கிழங்கை மட்டுமே வைக்கப் போறியள் மாமி, இதையும் வையுங்கோ என்றாள். நாள் தெரிஞ்சுகொண்டு ஏன் அவனுக்குச் சொல்லேல்லை என்று கேட்டேன். மாமான்ரை நாளை நான் பார்க்க வேண்டாம் எண்டு நீங்கள்தானே போன வருசம் சொன்னனீங்கள் என்றாள். வைத்தோம். காகம் ஒன்றும் வரவில்லை, வெள்ளைப் பறவை ஒன்று வந்து பொரியலைத்தான் முதலில் தூக்கியது. அவள் சிரித்தாள். அவருக்கு எப்பவும் அதுதான் முதல் என்றேன் நானும். இப்ப சொல்லட்டோ மாமி என்று கேட்டாள். வேண்டாம், சாப்பிட்டது சாப்பிட்டதுதான், நாளைக்கும் மலைப் பாதையில் வாகனம் ஓட வேண்டியவன் என்றேன். திரும்பிப் போய் ஏறினோம், அவள் முன்னுக்கு, நான் பின்பக்கம் பார்த்தபடி. அந்த நீளக் கட்டிடம் கண்ணுக்கு மறையும் வரை நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வந்து ஒரு கிழமையாகிறது. காலையில் எல்லோரும் போன பிறகு வீட்டில் குளிர்பெட்டியின் சத்தம் மட்டும்தான். விமான நிலையத்தை நான் இன்னும் மறக்கவில்லை, ஆனால் கிழங்கையும் மறக்கப் போவதில்லை, இரண்டும் இருக்கட்டும். பிள்ளைகளை வெயிலில் தலையில் துணி போடாமல் விடாதே, கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். உங்கள் எல்லோரையும் முருகன் ஒரு குறையும் வராமல் வைத்திருக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறவாதே. வருகிற ஆனித் தேய்பிறையில் தசமிக்கு முதல் நாள் கொண்ணனுக்குப் போன் எடு, நாளைக்கு அப்பாவுக்கு என்ன படைக்கிறியள் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேள், நான் சொல்லித் தந்ததென்று மூச்சு விடாதே. எனக்கும் ஒரு திதி வரும். அது எந்த நாள் என்று உங்கள் இருவருக்கும் தடுமாற்றம் வந்தால் சண்டை பிடிக்காமல் மச்சாளிடம் கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அம்மா