வல்லங்கிழான் சோலைக்கு விடை கிடைத்த செய்தி

நலம் பெருகுக. பிறைக்கொடி உயர்த்திய செம்பிறை நாட்டின் அரசியும், மூன்று ஆறுகளும் ஆணை கேட்டு ஓடும் முடியுடையவருமாகிய திருமாமணித் தேவியாரின் திருவடிக்கு, முன்னாளில் அரசாணை எழுதிய ஓலைநாயகமும் இந்நாள் வேலையற்றவனுமாகிய நக்கன் பொறையன் பணிந்து விடுக்கும் ஓலை. தலைநகரில் தேவியாரும் மழலைகளும் பட்டத்து யானையும் நலமென்று நம்புகிறேன். இங்கு நானும் நலம், பேயும் நலம்.

வல்லங்கிழான் பிள்ளையின்றி மாண்டபின் அவரது மதில்சூழ் வளாகம் அரசுக்கு உரித்தானதும், நிழலற்ற இவ்வூரார்க்கு அது பொதுச்சோலையாகுக என்று தேவியார் ஆணையிட்டதும், அப்பணிக்கு என்னை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்ததும் நாடறியும். நான் புறப்பட்ட அன்று என் மனையாள் தெருவுக்கே அப்பம் சுட்டு வழங்கினாள்.

நெடுங்காலம் பூட்டிக் கிடந்த சோலையை மதில்மேல் ஏறிக் கண்டேன். வௌவால்கள் கன்றுக்குட்டியளவு, ஒன்று என்னைப் பார்த்துக் கனைத்தது. முல்லைக்கொடி தேர்க்கொட்டிலை விழுங்கி, தேரையும் விழுங்கி, குதிரை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. ஆனால் உச்சிப்பொழுதில் அங்கிருந்து குளத்தை நோக்கியபோது எனக்கு நகைப்பு வரவில்லை. கத்திக்கொண்டிருந்த தவளைகள் இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒன்றன்பின் ஒன்றாக வாயடங்கின, கரையோரம் யாரோ மெல்ல நடந்துபோவதுபோல. காற்றில்லை. ஆளுமில்லை.

கிழானின் ஒரே மகள் நங்கை சிறுமியாயிருந்தபோது அக்குளத்தில்தான் மூழ்கி மாண்டாள். அன்று தந்தை சாத்திய கதவை, மதிலையொட்டிய மனையில் வாழும் தாய் அரும்பாவை நான் வரும்வரை திறந்தாளில்லை. முழுநிலவுக்குள் சோலை திறவாவிடில் மதிலை யானைகொண்டு இடிக்கலாம் என்ற தேவியாரின் ஆணையை அவ்வம்மையாருக்கு நானே படித்துக் காட்டினேன். இடியும் மதிலின் கீழிருந்து தாம் எழப்போவதில்லை என்று அவர் அமைதியாகச் சொன்னார். நங்கை வந்துவிடுவாளோ என்று ஊரார் அஞ்சுகிறார்கள் என்றும், தாமோ அவள் போய்விடுவாளோ என்று அஞ்சுவதாகவும் கூறினார். நாற்பது நாடுகளில் வழக்காடி வென்ற என் நா (முப்பத்தெட்டு என்று பொறாமைக்காரர் கூறுவர்) அங்கே கெஞ்சக் கற்றது. இரந்து நின்றுதான் கதவை மட்டும் திறக்கவைத்தேன்.

கதவு திறந்தால் போதுமோ? வாயிலில் நின்று வீட்டுக்குரியாரைப் பெயர் சொல்லி அழைத்து, “வாங்க” என்ற விடை கேட்டபின்னரே அடியெடுத்து வைப்பது இந்நாட்டு வழக்கம். இங்கே கள்வரும் விடைபெற்றே கன்னம் வைப்பர். முழுநிலவு நாளின் நண்பகலில் ஊர் முழுதும் வாயிலில் திரண்டது. தெருக்கோடியில் யானைகள் காத்து நின்றன. முதலில் தேவியாரின் பெயரை அழைத்தார்கள். தலைநகரிலிருந்து விடை வருவதெங்ஙனம்? பின்னர் மாண்ட கிழானை அழைத்தார்கள், விடை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மிக மெல்ல. அரும்பாவை அம்மையாரையும் அழைத்தார்கள். என்னருகே நின்ற அவர் வாய் திறக்கவில்லை. பேய் பிடித்தாலும் நானே முதலில் நுழைவேன் என்று நான் மார்தட்டவும், முறம் முடைந்து விற்கும் சேந்தி என்பாள், “சும்மா இரும் பெரியவரே, உம்மைப் பிடிச்சா பேய்க்குத்தான் காது போகும்” என்றாள். ஊர் நகைத்தது.

நகைப்பு அடங்குமுன் அவள் வாயிற்படியருகே வந்து, இடுப்புக் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, உள்நோக்கிக் குரல் கொடுத்தாள்:

“நங்கை, வெயிலு தாங்கல தாயி. நாங்க உள்ள வரலாமா?”

குளத்துத் தவளைகள் அனைத்தும் ஒருங்கே வாயடங்கின.

“வாங்க.”

மெல்லிய குரல், விளையாட்டின் நடுவே ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னதுபோல. உள்ளே ஒருவருமில்லை என்பதை முன்னரே கண்டிருந்தேன். அரும்பாவை அம்மையாரின் உதடுகள் மூடியிருந்ததை அக்கணமும் கண்டேன். யானைகளின் காதுகள் அசைவற்று நின்றன. ஊர் பின்வாங்கவுமில்லை, முன்னேறவுமில்லை.

அம்மையார் “அவளே கூப்பிட்டுட்டா. தடுக்க நான் யாரு?” என்று கூறி வழிவிட்டு ஒதுங்கினார். சேந்தி செருப்பைக் கழற்றி வைத்து முதலில் நுழைந்தாள். அவள் பின்னே ஊர் நுழைந்தது. நான் ஏழாவதாக நுழைந்தேன். இருபதாவது என்பார் சொல்லைத் தேவியார் கேளாதொழிக. யானைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் குளத்துப் படியிலிருந்து வாயில்வரை ஈரச்சுவடுகள் இருந்தன, சிறு பாதங்கள். வாயிலைக் கடந்து தெருவில் இறங்கி, பிள்ளைகள் பாண்டி ஆடும் முற்றம்வரை சென்று வெயிலில் உலர்ந்தன. அம்மையார் அவற்றைத் தொடர்ந்து சென்று, வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. திரும்பி வந்து என்னிடம் ஒன்றே வேண்டினார்: “விளையாடப் போயிருக்கா. திரும்பி வரும்போது சாத்தியிருக்கக் கூடாதுய்யா.”

ஆதலின் வாயில் காவலர்க்கும் ஊர்த்தச்சர்க்கும் இதனால் கட்டளையாவது: வல்லங்கிழான் சோலையின் இரு கதவுகளும் கீலோடு கழற்றப்படுக. அம்மையார் தம் மனையில் வாழ்நாளெல்லாம் இருக்க. வருவோர் நங்கையின் பெயர் சொல்லியே உட்புகுக.

இக்கட்டளையைத் தேவியாரின் பெயரால், தேவியார் தந்த பிறைமுத்திரை பொறித்து, கேளாமலே இட்டுவிட்டேன். மாறுபாடு உண்டாயின் என் தலையைக் கொள்க. கதவை மட்டும் மீண்டும் மாட்டற்க.

இவை நக்கன் பொறையன் எழுத்து.