சித்தியின் குசினியில் பொங்கிய பால்

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுமனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார், லிஃப்ட் திரும்பவும் பழுது, படியேறி என் முழங்கால்தான் போகிறது. போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். நான் அனுப்பும் குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீயே ஒருமுறை சொன்னாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உன் சிநேகிதன் கிருபாகரன் வியாழக்கிழமை டொரொன்டோவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு அந்த ஒன்லைன் மார்க்கெட்டிங் குரு தனஞ்சயனோடு சேரப்போவதாக நீ சொன்னதிலிருந்து அப்பா பேப்பரை விரித்து வைத்திருக்கிறார், பக்கம் புரட்டுவதில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, அந்தக் குருவின் இலவச வகுப்பைப் போனில் பார்த்தேன். நித்திரை கொள்ளும்போதும் காசு உழைக்கலாம் என்கிறார். பின்னால் ஒரு கார் நிற்கிறது, அவர் அதில் ஏறியதை நான் காணவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் கதவு மூடப்படும் என்று ஒரு மணிக்கூடு ஓடியது, அடுத்த நாள் பார்த்தால் அதே பத்து நிமிடம் திரும்ப ஓடுகிறது. காலி வீதியில் ஒரு புடவைக்கடை, கடையை மூடுகிறோம், கடைசி விற்பனை என்று பலகை தொங்கவிட்டிருந்ததே, நீ ஏ.எல். படித்த காலத்துப் பலகை, அது இன்னும் தொங்குகிறது, ஆனால் அந்தக் கடையிலாவது புடவை இருக்கிறது. இவர் என்ன விற்கிறார் என்று தேடிப் பார்த்தேன், விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் விற்கிறார். இதைச் சொன்னால் அம்மாவுக்கு விளங்காது என்பாய். விளங்காமல் இல்லை, எனக்குப் பொறாமை. வேலைக்குப் போகமுன் விடியவே எழும்பி அவர் பேச்சைக் கேட்கிறாய், அண்ணா அண்ணா என்கிறாய், அவரை மட்டும் வேகமாக ஓட்டமாட்டாய். எனக்குக் கிடைப்பது ஒரு கட்டைவிரல் படம். பெற்றவள் வாசலில் நிற்க வேறு யாரோ உள்ளே போய் இருப்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

இனி நடந்ததைக் கேள். வெள்ளிக்கிழமை கீழ்வீட்டுப் பஹ்மியா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்தாள். மகன் ஊடு வாங்கித் தந்தீக்காராம், எங்களுக்கு ஒண்டும் செல்லல்லியே என்று செல்லமாகக் கோபித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைத் திறந்து காட்டினாள். குருவின் விளம்பரத்தில் நான் நிற்கிறேன், பட்டுச்சேலை, கையில் அகப்பை, முன்னால் பால் பொங்குகிறது, கீழே என் மாணவர் சுமன் தன் அம்மாவுக்குக் கொழும்பில் வாங்கிக்கொடுத்த வீடு என்று எழுதியிருக்கிறது. பால் பானையைக் கண்டால் யாரும் குடிபுகுதல் என்றுதானே நினைப்பார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லவில்லை மகன். ஆவணியில் உன் சித்தி சுதர்சினி கடல் தெரியும் அந்தப் புது வீட்டில் பால் காய்ச்சிய நாளிலிருந்து என் தங்கை மேல் எனக்குள் ஒரு எரிச்சல் இருந்தது, அவள் பிள்ளை வாங்கிக்கொடுத்தான், நான் வாடகை வீட்டில் லிஃப்ட் திருத்தும்வரை காத்திருக்கிறேன். பஹ்மியா என் கையைப் பிடித்துச் சந்தோசப்பட்டபோது அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். பின்னேரமே சுதர்சினி போன் எடுத்தாள். அக்கா, என்ர குசினி எப்ப உங்கட குசினி ஆனது என்று கேட்டாள். சுவரில் அவள் பார்த்துப் பார்த்து ஒட்டுவித்த பூப்போட்ட மாபிள் தெரிகிறதே. நான்தான் படத்தைக் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டாள், அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

முதலில் குருவைத்தான் திட்டினேன். பிறகு யோசித்தேன், அந்தப் படத்தைச் சுதர்சினி வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பால் காய்ச்சிய அன்றைக்கு நீ வீடியோ கோலில் எங்களோடு இருந்தாய், நீதான் அங்கிருந்து ஸ்க்ரீன்ஷொட் எடுத்தாய். அப்படியென்றால் நீதான் கொடுத்திருக்கிறாய். அவர் கேட்டிருப்பார், உனக்கும் மறுக்க மனம் வந்திருக்காது, என்னைப் போலத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் கதை பொய் என்று உனக்குத் தெரியும். அப்படி இருக்க, அவர் காட்டும் மற்றப் பிள்ளைகளின் கதைகளை மட்டும் எப்படி நம்பி வேலையை விடப்போகிறாய்? அந்த மற்ற அம்மாமார் யாருடைய குசினியில் நிற்கிறார்களோ.

படத்தில் நான் ஏன் சிரிக்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வீட்டில தேத்தண்ணிப் பால் பொங்கினா ஏசுவீங்க, இங்க பொங்கினா மட்டும் எல்லாரும் கும்பிடுறீங்க என்றாய். அதற்குத்தான் சிரித்தேன். ஊர் முழுக்க அதை வீடு கிடைத்த சிரிப்பு என்று பார்க்கிறது. வீடு சுதர்சினியுடையது, வைத்திருக்கட்டும். அந்தச் சிரிப்பு என்னுடையது, அதை நீ அந்த மனிதரிடமிருந்து திருப்பி வாங்கு.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதால் பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குப் பஹ்மியாவிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன், பிறகு சுதர்சினி வீட்டுக்கும் நேரில் போவேன். முகம் கொடுக்க வெட்கம்தான், இருந்தாலும் என் பங்கை நான் முடிக்கிறேன். உன் பங்கை நீ முடி, வேலையை விடும் கடிதம் கொடுக்கமுன் ஒருதரம் அம்மாவோடு கதை, ஓட்டாமல் கதை. காதை மூடித் தொப்பி போடு. எல்லா நன்மையும் உன்னைத் தேடி வரட்டும், அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார்.

அதே வாடகை வீட்டிலிருந்து,
உன் அம்மா
யோகேஸ்வரி