“போதும்” என்ற சொல்லுக்குப் பிறகு

லாத்தா,

இந்த வாரம் அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. பழையதையெல்லாம் அட்டைப்பெட்டியில் போடும்போது உங்கள் கீபோர்டு கைக்கு வந்தது. மற்ற எழுத்துகள் அப்படியே இருக்க, ‘எம்’ மட்டும் அழிந்து வழவழவென்றிருந்தது. அதைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. என் மேசைக்கே எடுத்து வந்துவிட்டேன்.

நம் இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனால் ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்த நம் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் உங்களை லாத்தா என்றார்கள். திருச்சியிலிருந்து கடல் தாண்டி வந்து சேர்ந்த நானும், உங்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள் என்று தெரியாமலேயே, லாத்தா என்றேன்.

நான் ஒலியைக் கண்ணால் தேடுகிறவள். திரையில் தெரியும் மேடு பள்ளங்களைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, எங்கே வெட்டலாம் என்று துழாவிக்கொண்டிருப்பேன். நீங்கள் திரையைப் பார்க்கவே மாட்டீர்கள். முதல் தடவை ஓடும்போதே கேட்டுக்கொண்டு, திரும்பி வரவேண்டிய இடத்திலெல்லாம் அந்த எம் விசையைத் தட்டுவீர்கள். அங்கே ஓர் அடையாளக் கோடு விழும். பதிவு முடியும்போது உங்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும். “படத்தைப் பாத்து வெட்டாதீங்க. மூச்சைக் கேட்டு வெட்டுங்க,” என்பீர்கள். நான் முதல் வெட்டைத் தேடிக்கொண்டிருக்கையில் நீங்கள் பாலும் சர்க்கரையும் இல்லாத உங்கள் கோப்பி ஓ கோசோங் வாங்கக் கீழே இறங்கியிருப்பீர்கள்.

ஆனால் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வேகம் அல்ல. குவீன்ஸ்டவுனிலிருந்து வந்த ஒரு மனிதரின் முகம்தான்.

அவருடைய அப்பா இறந்து ஓராண்டு ஆகவிருந்தது. நினைவு நாளன்று உறவினர்கள் கூடும்போது அப்பாவின் குரலைக் கொஞ்சம் ஒலிக்கவிட வேண்டும் என்றார். தாத்தாவை உட்காரவைத்து இந்த மனிதரின் மகள் கைப்பேசியில் எடுத்த பதிவுகள் நிறைய இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வெட்டு. அம்மாவின் காரியத்துக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று, புக்கிட் மேராவில் இருக்கும் இவருடைய தம்பியோடு அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். கடைசிவரை பேசவில்லை. பதிவில் அந்தக் கிழவர் சொல்கிறார்: “அவனை மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“மன்னிச்சிட்டேன், அதோட நிறுத்திடுங்க,” என்றார் மகன். “தம்பி அதுக்கப்புறம் முதல் தடவையா வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான் லா. யாருக்குத் தெரியப்போகுது?”

நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். இரண்டு ‘ன’கரம் ஒட்டி நிற்கும் அந்த மயிரிழையில் கோடு விழுந்தது. வெட்டி, ஒலிக்கவிட்டீர்கள். “அவனை மன்னிச்சிட்டேன்.” தழும்பே தெரியவில்லை. மகன் கண்களைத் துடைத்துக்கொண்டார். அப்போது நீங்கள் அந்த வெட்டை நீக்கி, வாக்கியத்தைப் பழையபடி முழுதாக்கினீர்கள்.

“செய்ய முடியும், பாத்தீங்கள்ல. ஆனா இது உங்க அத்தா சொன்னது இல்ல.” அப்பா என்பது உங்கள் வாயில் அத்தாதான்.

“நல்லதுக்குத்தானே, லாத்தா?” என்றேன் நான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

“நல்லதுக்குத்தான். ஆனா அந்தத் தம்பி இதை ஆயுசுக்கும் வச்சுக் கேப்பாரு. நம்ம செஞ்ச குரலை வச்சு அவரு அழக் கூடாதும்மா.” பிறகு அவரிடம், “எல்லாப் பதிவையும் விட்டுட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க,” என்றீர்கள்.

அத்தனையையும் எப்படிக் கேட்டு முடிப்பீர்கள் என்று நான் பயந்தேன். நீங்கள் எதையும் முதலிலிருந்து கேட்கவில்லை. ஒவ்வொரு பதிவிலும் நேராக வாலுக்குப் போனீர்கள். “‘போதும், நிறுத்து’ன்னு சொன்ன பிறகுதான் மனுசங்க பேசுவாங்க,” என்றீர்கள்.

ஒரு பதிவின் கடைசியில் கிழவர், “போதும்மா, நிறுத்து,” என்கிறார். பேத்தி கைப்பேசியை மேசைமேல் வைக்கிறாள்; நிறுத்த மறந்துவிட்டாள். நாற்காலி நகரும் சத்தம். கோப்பை ஒன்று. நீண்ட அமைதி. நானாக இருந்தால் அங்கேயே மூடியிருப்பேன். உங்கள் விரல் விசைமேலேயே காத்திருந்தது. பிறகு ஒரு மூச்சு. அதற்குச் சற்று முன்னே நீங்கள் தட்டிவிட்டீர்கள்.

“உன் சித்தப்பனை மார்க்கெட்ல தூரத்துல பாத்தேன். மெலிஞ்சு போயிட்டான். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

மறுநாள் மகன் அதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு மெதுவாக, “அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே,” என்றார்.

“அதுலதாங்க உங்க அத்தா இருக்காரு,” என்றீர்கள். அவர் தலையாட்டினார்.

நினைவு நாளுக்கு நம்மையும் கட்டாயப்படுத்தி அழைத்திருந்தார். அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தம்பி தூண் ஓரமாக, கிளம்பத் தயாரானவர் போல நின்றிருந்தார். அந்தக் குரல் வந்தது. “நான் சொன்னேன்னு சொல்லாதே” என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. தம்பி அழவில்லை. தூணைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகப் போய்ச் சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன்தான் இலை போட்டார். அண்ணன் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தார். தம்பி போதும் என்று சொல்லவே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் நான் உங்களைப் புகழ ஆரம்பித்தேன். “அந்தப் புள்ள நிறுத்த மறந்துச்சு, அதான்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நோய் உங்களைக் கொண்டுபோய் இப்போது இரண்டு ரமலான் கடந்துவிட்டது. என் கை கொஞ்சம் வேகமாகியிருக்கிறது. ஆனாலும் உங்கள் வேகம் எனக்கு வராது. வரவேண்டும் என்றும் இப்போது தோன்றுவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் காத்திருப்புதான்.

நேற்று திருச்சியிலிருந்து அம்மா பேசினாள். மழை, மின்வெட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லி முடித்து, “சரி, வச்சிடறேன்,” என்றாள். சரிம்மா என்றேன். ஆனால் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள் ஒரு மூச்சு எடுத்தாள்.

“ஒண்ணுமில்லடி,” என்றாள். “ரெண்டு நாளா நெஞ்சு கொஞ்சம் படபடங்குது.”

வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன், லாத்தா.