நேற்று இரவு வரை தெரிந்த கம்ப்யூட்டர்

தை மாதம், வியாழக்கிழமை

தூக்கம் வரவில்லை. திருமானூரில் உட்கார்ந்தபடியே, எங்கோ மும்பையில் படுத்துவிட்ட கம்ப்யூட்டரை என் பேத்தி சுகன்யா இன்று எழுப்பிவிட்டாள்.

நெல் அறுக்கும் வண்டி யார் வயலுக்கு எப்போது போகும் என்கிற முறையெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மதியம் அவள் எதையோ புதிதாக ஏற்றப்போய் அது நின்றுவிட்டது. அவள் முகமே வெளிறிவிட்டது. பிறகு நேற்று இரவு எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து, அதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டரையே உண்டாக்கினாள். கண்ணெதிரே பேர்களெல்லாம் அப்படியே வந்து நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"என் பேரு எங்கடி?"

"நேத்து ராத்திரி வரைக்கும்தான் அதுக்குத் தெரியும் அப்பத்தா. நீ இன்னைக்குக் காலையிலதானே பதிஞ்ச? செல்லுக்கு வந்த மெசேஜக் காட்டு, ஏத்திடுறேன்."

நான் எந்த மெசேஜையும் படித்த கையோடு அழித்துவிடுவேன்.

"கம்ப்யூட்டருக்கே நகல் இருக்கு, உனக்கு இல்லயே!"

"நாளைக்கு என் முறைன்னு உனக்கே தெரியும். எழுதேன்டி."

"மத்தவங்கல்லாம் மெசேஜக் காட்டுறாங்க. எங்க அப்பத்தாவுக்கு மட்டும் வாய்ச்சொல்லா? நீ கடைசிதான்."

சுருக்கென்றது. ஆனால் சாயங்காலம் முழுக்க காலையில் பதிந்தவர்களை அவளே ஃபோனில் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி மெசேஜைக் கேட்டாள். ஒருவர் கத்தினார். "தப்பு என்னுதுதாங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கொள்ளிடம் பக்கம் மின்னுகிறது. கதிர் முற்றி நிற்கிறது. அந்த நெல்லுக்கு நகல் கிடையாது. மழை வராமல் இருக்கட்டும். வந்தாலும் முறையை மாற்றச் சொல்லி அவளிடம் கேட்க மாட்டேன்.