வியாழக்கிழமை நாலு மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் துறைக்கு வந்திருந்த அங்கீகாரக் குழு இன்று காலை கிளம்பிவிட்டது, முடிவு எதையும் சொல்லவில்லை. இதைச் சொன்னவர் துறை அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாள், அவரே டாக்சி ஏற்றிவிட்டவர், ஆகையால் நம்பலாம். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் உன் சிரிப்பை வைத்து உறுதி செய்துகொண்டேன், அந்த இருமல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, டாக்டரிடம் காட்டு.

உளவியலில் சிகிச்சை கொடுக்கப் பழக்கும் அந்த முனைவர் பட்டப் படிப்பை அம்மா எப்படிக் கட்டினாள் என்று உனக்குப் பாதிதான் தெரியும். பழைய எக்ஸ்ரே அறையையும் பக்கத்துச் சரக்கு அறையையும் கொடுத்து ஏதாவது பண்ணிக்கொள் என்றார்கள். நடுச்சுவரில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னலாகவும் தெரிகிற ஒன்றைப் பொருத்தினாள். மாணவர் உள்ளே நோயாளியோடு பேச, ஆசிரியர் இருட்டிலிருந்து பார்ப்பார். கூட்டம் சேர்க்கச் சொல்லி நிர்வாகம் எவ்வளவோ நெருக்கியும் ஒரு வகுப்புக்கு நாலு பேருக்கு மேல் எடுக்கவில்லை. அந்த நாலு பேருக்கும் வாரம் ஆளுக்கு ஒரு மணி நேரம் அவள் சொந்தம், கதவு சாத்தியிருக்கும், போன் அணைந்திருக்கும், எதற்காகவும் தள்ளிவைக்க மாட்டாள். உனக்கு வேலை கிடைத்த அன்று அழுதுகொண்டே கூப்பிட்டாய், எடுக்கவில்லை, அது யாரோ ஒரு பிள்ளையின் மணி. எனக்குப் பத்திரிகையில் பிரிவு உபசாரம் நடந்தபோது நாற்காலிகளை அடுக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். இன்று அந்தப் படிப்பில் இடம் கேட்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், நான் உழைத்த பத்திரிகையைக் கடையில் கேட்டால் அப்படி ஒன்று வருகிறதா என்கிறான். ஆம்பிளைக்குச் சக்களத்தி வருமா என்று உன் அத்தை கேலி செய்வாள், எனக்கு வருஷத்துக்கு நாலு வந்தது. பொறாமை என்ற சொல்லுக்குப் பதிலாகக் கௌரவமாக ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதன்கிழமை குழுவின் முன்னால் ஒரு மாணவி பேசிக்காட்ட வேண்டும். வெளியாட்கள் முன்னால் உண்மையான நோயாளியை உட்காரவைக்க முடியாது என்பதால் நோயாளியாக நடிக்க ஒரு நாடக நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள், அவருக்குக் காலையில் தொண்டை கட்டிவிட்டது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், நான் இருக்கேனே என்று முந்திக்கொண்டேன். அவளுக்கு மனசில்லை, வேறு வழியுமில்லை, குழுவிடம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நான் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மனைவி இறந்துவிட்டாள், தூக்கம் வருவதில்லை, இவ்வளவுதான் வேஷம். மாணவியைக் கூடப் படிக்கிறவர்கள் கொசு என்று கூப்பிடுகிறார்கள், குரல் அப்படி. மாணவர்களை வீட்டுப் பக்கமே விடுவதில்லை என்பது அம்மாவின் கட்டுப்பாடு ஆகையால் அவளுக்கு என் முகம் தெரியாது. ஆனால் அம்மா எப்போதும் ரொம்பப் பெருமையாகச் சொல்வது இவளைத்தான், எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே அரிக்கும்.

கொசு இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் எதிராளி தானாக உளறுவான் என்பது என் தொழிலில் அரிச்சுவடி, மந்திரிகளையே அப்படிப் பேசவைத்திருக்கிறேன். அது தெரிந்தும் விழுந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே போனாரோ தெரியவில்லை, என் பெண்டாட்டி நல்லா கேக்குறவ, ஊருக்கே காது குடுப்பா, என் முறை மட்டும் வரவே இல்லம்மா என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள் என்பது தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பெண் முகம் மாறவில்லை. முன்னாடி அவங்க இறந்துட்டாங்கன்னு சொன்னீங்க ஐயா, இப்ப இருக்காங்கன்னு சொல்றீங்க, நான் ரெண்டையும் கேட்டுக்கிட்டேன், அவசரமில்ல என்றாள். அதற்கு மேல் நடிக்கவில்லை.

பிறகு நடந்ததைக் கண்காணிப்பாளர் அம்மாள் சொல்லித்தான் தெரியும். குழுத் தலைவர், இவர் பேசியது எழுதிக்கொடுத்ததில் இருந்ததா என்று கேட்டாராம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அம்மா, இல்லை, அவர் என் வீட்டுக்காரர், உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாளாம். உறவுக்காரரை வைத்துத் தேர்வு நடத்தியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் வராவிட்டால் அங்கே படித்த பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிகள் நேரடியாக எடுக்காது, இவள் இத்தனை காலம் கட்டியது வெறும் நல்ல பெயரோடு நின்றுபோகும், அதற்கு நான் காரணமாவேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா, அந்தப் பொண்ணு எப்படித் தாங்கிப் பிடிச்சா பாத்தீங்களா என்றாள். அந்த நிலையிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பாராட்டு அவளுக்குத்தானா என்றுதான். நேற்று காப்பி குடிக்கும்போது, கொசு படிப்பை முடித்துக்கொண்டு போகிறாள், அவளுடைய மணி காலியாகிறது, வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்துடுங்க என்றாள். குழுவுக்குத் தர வேண்டிய விளக்கத்துக்காகவா, வேறு எதற்காவதா என்று கேட்டேன். வாங்களேன் என்றாள். எதற்கு என்பது இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குழுவின் முடிவு அடுத்த மாதம் முதல் வாரம் வரும், வந்ததும் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வியாழக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை எங்கள் இருவரில் யாரைக் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டோம்.

உன் அன்புள்ள
அப்பா