கூடார வண்டிக்குள் தெரிந்த நிழல்

மாசி 9, சனிக்கிழமை

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் சோறு போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலில் குளித்தால் சேலை மாற்ற மறைவில்லை என்று கடற்கரைப் பக்கமே வராதவள் அவள். அவளுக்காகத்தான் பழைய லோடு வண்டியை வாங்கி, மேலே மடக்குக் கூடாரம் போட்டேன். செலவு குறையட்டும் என்று தறிக்கூடத்து வெள்ளைத் துணியில் தைத்தேன்.

சாயங்காலம் வாசலில் நின்ற வண்டிக்குள்ளே விளக்கைப் போட்டுச் சேலை மாற்றிப் பார்த்தாள். நிழல் அப்படியே வெளியே தெரிந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏத்தா, தெருவுக்கே படம் ஓடுது!"

"நான் வரல. நீங்களே போங்க."

பிறகு அவளைச் சிரிக்கவைக்க நானே உள்ளே போய் வேட்டி மாற்றினேன். "தொப்பைய மறைங்கண்ணே!" என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்போது என் தலையணைமேல் அவளுடைய பழைய கருநீலச் சேலை கிடக்கிறது.

"உள்பக்கம் வச்சுத் தையுங்க," என்கிறாள், சுவரைப் பார்த்தபடியே.