எந்தச் சுப்பு?

இன்று காலை ஆபீஸில் உட்கார்ந்ததும் விரல்கள் பழக்கதோஷத்தில் cvsup என்று அடித்துவிட்டன. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. அதை நீக்கியவனே நான்தான். ஆனாலும், நண்பா, நீ இல்லை என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது.

ராயபுரத்துச் சரக்கு ஆபீஸின் யூனிக்ஸ் கணினிகளை நாம் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். இயங்குதளத்தின் மூல நிரலைப் புதுப்பித்து இழுத்துவரும் அந்த cvsup கருவியின் எழுத்துகளைக் கூட்டிப் படித்து, 'சிவசுப்பு' என்று பெயர் வைத்தவன் நீ. அவனை நிறுவுவதே பெரிய தொல்லை. அவனுக்கென்றே நமக்குத் தெரியாத ஒரு கணினி மொழியை முதலில் ஏற்ற வேண்டும். பிறகு அதே வேலைக்கு csup வந்தது. சாதாரண சி மொழியில் எழுதியது, இயங்குதளத்தோடே வந்துவிடும். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"வி பூட்ச்சு மாமு. வெறும் சுப்புதான் கீறான். இனிமே உன் ராஜ்ஜியம்."

சுப்பிரமணியாகிய என் பாடு அன்று திண்டாட்டம்தான். "சிவசுப்புவத் தூக்கிட்டு சுப்புவப் போட்டாச்சு" என்று நீ போனில் சொன்னதைக் கேட்ட கணக்குப் பிரிவு அக்கா, "பாவம், புள்ளகுட்டிக்காரரா?" என்றார். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆமாம் என்றாய்.

ஒரு பழைய கணினியில் மட்டும் சிவசுப்பு மிச்சமிருந்தான். அவனை மாற்றுவதற்குள் மஞ்சள் காமாலை உன்னை ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டது. கடைசி நேரத்தில் உன் அம்மாதான் பக்கத்தில் இருந்தார். காரியத்தன்று, காலடிப்பேட்டை வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஒன்னே ஒன்னுதான் சொன்னான் நைனா. எல்லாத்தையும் சுப்பு பாத்துக்குவான்னான்."

தலையாட்டினேன். உள்ளே ஒன்றும் பிடிபடவில்லை. எந்தச் சுப்பு? ஜுரத்தில் நீ ஆபீஸில்தான் உட்கார்ந்திருந்தாயோ? அந்த ஒற்றைக் கணினியின் கவலைதானா அது? இருபத்தைந்து வருடம் உன்னை வளர்த்தவரிடம் போய், உங்கள் மகன் சொன்னது என்னையா, ஒரு நிரலையா என்று எந்த வாயால் கேட்பேன்?

எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளே அந்தக் கணினியிலும் மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் காலடிப்பேட்டைக்கும் போய்விடுகிறேன். போன வாரம் கேஸ் சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது.

"சுப்பு, சங்கரா மீனு வறுத்து வெச்சிகீறேன். துன்னுட்டுப் போ."

நீ யாரைச் சொன்னாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தச் சுப்பு ஆபீஸில் அவன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். அம்மா கூப்பிட்டால் "இன்னாம்மா" என்று எழுந்து போகிறவன் நான்தான்.